நாவுக்குத் தமிழ் பழக்கிய அண்டிறிக்கிப் பாதிரியார்

திருச்சபையின் தமிழ்ப்பணி என்று பேச்செடுத்தால் நம்மவர் வாயில் முதலில் வருவது வீரமாமுனிவரின் பெயர். யாழ்ப்பாணத்தவராயின் அடுத்து நல்லூர் ஞானப்பிரகாசரையும் தனிநாயகம் அடிகளையும் சொல்வர். வீரமாமுனிவர் பிறப்பதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்னரே எமது எதிர்க்கரையாகிய முத்துக்குளித்துறையில் வந்திறங்கி, தமிழைக் கற்று, பேசி, எழுதி, அச்சேற்றி, அந்த மண்ணிலேயே கண்மூடிய ஒருவரை நம்மிற் பலர் பெயரளவிலேனும் அறிவதில்லை. அவர்தான் என்றிக்கே என்றிக்கஸ் என்ற போர்த்துக்கேயக் குருவானவர். கரையோர மக்களுக்கு அவர் அண்டிறிக்கிப் பாதிரியார். தமிழில் அச்சான முதற் புத்தகங்களிலும் அவர் பெயர் அவ்வாறே இருக்கிறது. ஒரு போர்த்துக்கேயப் பெயர் தமிழர் நாவில் எப்படி உருமாறியது என்பதற்கு அதுவே சான்று. தமிழ்ச் சொற்கள் போர்த்துக்கேயர் நாவில் என்ன பாடுபட்டன என்பதை அறிந்தவர்களுள் அவருக்கு ஈடானவர் அக்காலத்தில் இல்லை.

1548ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக் கோவில்களில் நடந்த ஒரு வழக்கத்தை முதலிற் கூறவேண்டும். அடிகளார் பிரசங்க மேடையில் நின்று தமிழிலேயே பேசுவார். அவர் நிறுத்தியதும் பக்கத்தில் நிற்கும் துப்பாசி அதே செய்தியை மறுபடியும் சொல்வார். துப்பாசி என்றால் மொழிபெயர்ப்பவர். ஆனால் அங்கே மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. பாதிரியார் பேசியதும் தமிழ், துப்பாசி திருப்பிச் சொன்னதும் தமிழ். சொற்கள் சரி, இலக்கணம் சரி, ஒலி மட்டும் மக்களின் காதுக்கு எட்டவில்லை. தம்முடைய உச்சரிப்பு இவர்களுடையதிலிருந்து வெகுவாக வேறுபடுகிறது, அதனால் சில வேளைகளில் தாம் சொல்வது விளங்காமற் போகிறது என்று அந்த ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் வேம்பாற்றிலிருந்து உரோமைக்கு, புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் அவரே தெரிவித்தார்.

படித்தவர் ஒருவர், அதுவும் கொய்ம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றவர், சபை நடுவே தம் பேச்சை இன்னொருவர் வாயால் திருத்திச் சொல்லவைப்பது எளிதான காரியமன்று. பேசாமலே இருந்துவிடலாம். அல்லது பழையபடி போர்த்துக்கேயத்திற் பேசித் துப்பாசியை மொழிபெயர்க்கச் சொல்லலாம். இரண்டில் எதைச் செய்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடிகளார் இரண்டையும் செய்யவில்லை.

அவர் 1520இல் போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரிற் பிறந்தவர். மூதாதையர் யூத குலத்தவர். இளமையிலே பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்தார். குலத்தைக் காரணமாகக் காட்டி அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. பின்னர் 1545இல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே கப்பலேறிக் கோவாவை அடைந்தார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தேழு. உடல்நலமோ அத்தனை திடமானதல்ல.

அந்தக் கரைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே புனித சவேரியார் வந்து சென்றிருந்தார். பாஸ்க்கு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட சவேரியார், தமிழும் போர்த்துக்கேயமும் அறிந்த சிலரைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றைத் தமிழாக்குவித்து மனப்பாடஞ் செய்தார். மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளையும் பெரியோரையும் கூட்டுவார். தாம் மனப்பாடஞ் செய்ததைச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அந்த வேகமும் அன்பும் வேறொருவருக்கு வாய்த்திரா. ஆனால் பொருள் அறியாமல் ஒலியை மட்டும் மனத்திற் பதிப்பதில் ஆபத்து உண்டு. விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்ற கருத்து வரவேண்டிய இடத்தில் எனக்கு வேணும் என்ற சொற்கள் புகுந்திருந்தன. 1544இல் சவேரியார் இதைக் கண்டுகொண்டு, வேணும் என்பதை நீக்கி விசுவாசம் என்று சொல்லும்படி தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதினார். அவருக்குப்பின் அண்டிறிக்கிப் பாதிரியாரும் அந்தச் செபங்களைத் துருவிப் பார்த்து, எஞ்சியிருந்த பிழைகளைக் களைந்தார்.

இளையவர் போக்கு வேறு. கேட்டு மனப்பாடஞ் செய்வது போதாது, மொழியின் எலும்புக் கூட்டையே அறியவேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். இலத்தீன் இலக்கணத்தில் தாம் கற்ற முறையைக் கையிலெடுத்து, தமிழ்ப் பெயர்ச்சொற்களை வேற்றுமைப்படி அடுக்கினார். வினைச்சொற்களை இறந்தகாலம், எதிர்காலம், ஏவல் என்று பிரித்தார். தொல்காப்பியமும் நன்னூலும் உள்ள மொழிக்கு இலத்தீன் சட்டையைப் போட்டுப் பார்ப்பதா என்று நம் பண்டிதர்கள் முகஞ்சுளிக்கலாம். ஆனால் அவர் எழுதியது தமிழ்ப் பிள்ளைகளுக்கல்ல. கப்பலிலிருந்து இறங்கும் ஐரோப்பியருக்கு அவர்கள் அறிந்த பாதையாலேயே வழிகாட்டுவது அவர் நோக்கம். சில மாதக் கடும் உழைப்பின் பின் துப்பாசியின்றிப் பேசவும் எழுதவும் வல்லவரானார். 1549 ஜனவரியில் சவேரியார் உரோமைக்கு எழுதியபோது, மலபார் மொழியைப் பேசவும் எழுதவும் அறிந்த இவர் ஒருவரே இருவர் செய்யும் பணிக்கு மேலாகச் செய்கிறார் என்று பாராட்டினார். அந்நாளில் ஐரோப்பியர் தமிழையும் மலபார் மொழி என்றே வழங்கினர்.

ஆயினும் இலக்கணம் கைவந்த அளவுக்கு ஒலி கைவரவில்லை. ஏன் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். வீட்டில் பிள்ளைக்கு ஆங்கிலமோ சிங்களமோ பிரெஞ்சோ சொல்லிக்கொடுக்கும் பெற்றாருக்கும் இது பயன்படும்.

ஒவ்வொரு மொழியும் தன்னைப் பேசுவோரின் நாவுக்குச் சில இருப்பிடங்களைப் பழக்கிவைக்கிறது. போர்த்துக்கேயரின் நா மேற்பற்களின் பின்புறத்தைத் தொட்டு நமது தகரத்தைப் போன்ற ஒலியை இலகுவாக எழுப்பும். டகரத்துக்கு நா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடவேண்டும். அந்த வளைவு அவர்கள் மொழியில் இல்லை. எனவே பழகாத போர்த்துக்கேயர் வாயில் பாட்டு என்பது பாத்து என்றும், நாடு என்பது நாது என்றும் வர இடமுண்டு. ஆங்கிலேயரின் இடர்ப்பாடு இதற்கு மறுதலை. தம்பி என்பதை டம்பி என்று கூப்பிட்ட துரைமார் கதைகளை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரு சாராரும் ஐரோப்பியர்தாம். பிழை மட்டும் எதிரெதிர்த் திசையிற் போகிறது. அந்நியன் வாய்க்குத் தமிழ் வராது என்று பொதுவாகச் சொல்லிவிடுவோர் இதைக் கவனிப்பதில்லை. பிழை கற்கும் மொழியில் மட்டும் இல்லை, கற்பவன் கொண்டுவரும் மொழியிலும் இருக்கிறது. ஆகவே பிழைதிருத்த முனையும் ஆசிரியர் மாணவனின் தாய்மொழியையும் ஓரளவு அறிந்திருக்கவேண்டும்.

லகர ளகர ழகரங்களின் கதை இதனினும் பெரிது. போர்த்துக்கேயத்தில் லகரம் உண்டு, லகரத்தையும் யகரத்தையும் சேர்த்தாற்போன்ற இன்னோர் ஒலியும் உண்டு. ளகரமும் இல்லை, ழகரமும் இல்லை. னகரமும் ஞகரமும் உண்டு, ணகரம் இல்லை. இதனால் வரும் கேட்டை உதாரணத்தால் உணரலாம். இவை நாம் தரும் உதாரணங்களேயன்றி அடிகளார் வாயிலிருந்து வந்தவையல்ல. ஒரு குருவானவர் வழி என்று சொல்ல எண்ணி வலி என்று சொன்னால் மக்கள் குழம்புவர். பலி என்பது பழி ஆகிவிட்டால் பீடத்தில் நடப்பதன் பொருளே தலைகீழாகும். கொள்ளுங்கள் என்பதைக் கொல்லுங்கள் என்று சொன்னால் சொல்லவே வேண்டாம்.

இனி, குறில் நெடில். போர்த்துக்கேயத்தில் ஓர் உயிரொலியை நீட்டுவதாலோ குறுக்குவதாலோ சொல்லின் பொருள் மாறாது. நமக்கோ கல் வேறு, கால் வேறு. படம் வேறு, பாடம் வேறு. மெய்யெழுத்து இரட்டிப்பதும் அப்படியே. ஒரு வல்லினத்தில் நா சற்றே தங்கி நிற்பதை அந்நியர் காது பொருட்படுத்தாது. நமக்கு அந்தத் தங்கலில்தான் பொருள் தங்கியிருக்கிறது. ரகர றகரங்களில் மட்டும் அவர்களுக்கு ஓர் அனுகூலம் இருந்தது. அவர்கள் மொழியிலும் மெலிதாய் ஒன்று, உருண்டு அழுத்தமாய் ஒன்று என இரு ரகரங்கள் உண்டு.

இங்கே யாழ்ப்பாணத்து வாசகர் சிரிக்கத் தொடங்குமுன் ஒன்றை நினைவூட்டவேண்டும். நாமே வாழைப்பழத்தை வாளைப்பளம் என்றுதான் பேச்சில் சொல்கிறோம். கோவிலில் வாசகம் வாசிக்க எழுந்து நிற்கும்போதுதான் ழகரம் ஞாபகத்துக்கு வருகிறது. வேறொரு பக்கத்தில் நம் காது மிகக் கூர்மையானது. ஆங்கிலேயரின் ஒலி நம் டகரமுமல்ல, தகரமுமல்ல, இரண்டுக்கும் இடையே பல்லடியில் பிறப்பது என்பதை யாழ்ப்பாணத்தார் எப்படியோ பிடித்துக்கொண்டனர். வெற்றி, காற்று என்பவற்றில் நாம் ஒலிக்கும் றகரத்துக்கு அது அண்மையானது. அதனால்தான் தமிழ்நாட்டார் டொராண்டோ என்று எழுதும் நகரை நாம் ரொறன்ரோ என்று எழுதுகிறோம். அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். இரு பக்கத்தாரும் தத்தம் காதுக்கு உண்மையாக நடந்துகொள்கிறார்கள் என்பதே சரி.

மீண்டும் அடிகளாரிடம் வருவோம். உச்சரிப்புக் குறையைக் கண்டபின் அவர் செய்தவை மூன்று. முதலாவதை மேலே சொன்னோம். விளங்காமற் போகக்கூடிய பேச்சை விளங்கவைக்கத் தமிழரொருவரின் வாயைத் துணைக்கொண்டார். இதனால் மக்களுக்கு வேதம் விளங்கியதோடு அவருக்கும் ஒரு பாடம் நடந்தது. தாம் சற்றுமுன் சொன்ன சொற்களையே அடுத்த கணத்தில் சரியான ஒலியில் கேட்கும் வாய்ப்பு எந்த மாணவனுக்குக் கிடைக்கும்? வகுப்பறையில் ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்வதுண்டு. இங்கே மாணவர் சொல்ல ஆசிரியர் திருப்பிச் சொன்னார், அதுவும் கோவில் நிறைந்த சபைக்கு முன்னால்.

இரண்டாவது, தம் இலக்கண நூலில் வாய்க்கும் இடம் கொடுத்தார். சவேரியாரின் விருப்பத்தையும் ஏற்று 1549ஆம் ஆண்டளவில் உருவான அந்த நூல் மலபார் மொழிக்கலை என்ற பெயருடையது. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் இலக்கணம் இதுவே. இலத்தீன் அறிந்தோரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. இலத்தீன் தெரியாதவர்கள் 1540இல் வெளிவந்த ஜோவாவோ தெ பாரோஸ் என்பாரின் போர்த்துக்கேய இலக்கணத்தை முதலில் வாசித்துவிட்டு வரும்படி முன்னுரையில் அவர் ஆலோசனை கூறுகிறார். உன் சொந்த மொழியின் அமைப்பை அறிந்துகொண்டு பிறர் மொழிக்கு வா என்பதே இதன் கருத்து. நூலில் எழுத்துக்களை எடுத்துச் சொல்லுமிடத்தில், போர்த்துக்கேயத்தில் இல்லாத ஒலிகளுக்கு நாவை எப்படி மடிப்பது, எங்கே தொடுவது என்று எழுத்தால் வழிகாட்ட முயல்கிறார். ஒலிப்பதிவுக் கருவியோ கண்ணாடிப் படமோ இல்லாத காலம். கற்பவனின் வாய்க்குள்ளே நடக்கவேண்டியதை மையும் இறகுமாய்க் கடதாசியில் எழுதிக் காட்டுவதென்றால் எவ்வளவு உன்னிப்பாகத் தமிழர் வாயை அவர் கவனித்திருக்க வேண்டும்!

அந்நூலில் காணப்படும் தமிழ் புலவர் தமிழன்று. கரையோரத்தில் வலை இழுப்போரும் முத்துக்குளிப்போரும் மீன் விற்கும் பெண்களும் பேசிய தமிழ். காதில் விழுந்தபடியே பலவற்றை உரோமன் எழுத்திற் குறித்துவைத்தார். பண்டிதர்கள் ஒதுக்கிய பேச்சுவழக்கு இதனால் பிழைத்துக்கொண்டது. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை மக்கள் எப்படிப் பேசினார்கள் என்று இன்று ஆராய்வோர் இந்தப் போர்த்துக்கேயரிடம் போகவேண்டியிருக்கிறது. எழுதுவது ஒருமாதிரியும் பேசுவது ஒருமாதிரியுமான மொழி நம்முடையது. ஏட்டை மட்டும் படித்து வந்தவர் சந்தையில் விளங்காமல் நிற்பார். அவர் சந்தையிலிருந்து தொடங்கினார்.

மூன்றாவது, ஒரு கட்டுப்பாடு. 1550களின் தொடக்கத்திலே, அக்கரையில் பணிபுரிந்த இயேசு சபைக் குருக்கள் தமக்குள்ளும் தமிழிலேயே பேசுவது என்று தீர்மானித்தனர். தவறிப் போர்த்துக்கேயத்திற் பேசிவிட்டால் அதற்குப் பரிகாரம் செய்யவேண்டும். ஒரு நாள் முழுவதும் ஊர்மக்களோடு தமிழில் மல்லுக்கட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டு மேசையிலாவது சொந்த மொழியில் நாலு வார்த்தை பேசலாம் என்ற ஆறுதலும் அற்றுப்போயிற்று. அந்நிய நாட்டில் வாழ்ந்தவர்களுக்கே இந்தத் தியாகத்தின் கனம் விளங்கும். இதிலே நமக்கு ஒரு சந்தேகமும் எழுகிறது. அந்நியர் அந்நியரோடு பேசினால் ஒருவர் பிழையை மற்றவர் படித்துக்கொள்ளமாட்டாரா? நாவின் தயக்கம் தீரும், ஒலியின் பிழை தீருமென்று சொல்லமுடியாது. தமிழர் உடனிருந்து திருத்தினாலன்றி இந்த முறை பாதிப் பயனையே தரும் என்பது நம் எண்ணம். நல்ல வேளையாக அத்தகையோர் உடனிருந்தனர். கொல்லத்துப் பிராமணக் குலத்திற் பிறந்து கிறீஸ்தவரான பேரோ லூயிஸ் 1561இல் இயேசு சபையில் ஏற்கப்பட்டார். இச்சபையிற் சேர்ந்த முதல் இந்தியர் அவரே. அடிகளாரின் தமிழ்ப் பணிகளிலும் பின்னர் தமிழ் எழுத்து வார்ப்பு முயற்சியிலும் அவருக்குப் பங்குண்டு. மனுவேல் தெ சன் பேத்ரோ என்னும் இன்னொரு துணைவரின் பெயர் 1578ஆம் ஆண்டுப் புத்தகத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது.

இத்தனை பாடு எதற்காக? பிரசங்கத்துக்காக மட்டுமானால் துப்பாசி போதும். பாவசங்கீர்த்தனத்துக்குத் துப்பாசி எப்படிப் போதும்? கணவன் அறியாத, தாய் அறியாத ஒன்றை ஆண்டவர் முன்னிலையில் சொல்ல வந்த ஒரு பெண், ஊரிலே நாளைக்கும் முகம் பார்க்கவேண்டிய துப்பாசி நடுவில் நின்றால் வாய் திறப்பாளா? சட்டப்படி துப்பாசியும் இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவரே. சட்டம் வேறு, வெட்கம் வேறு. அங்கே குருவானவரின் காதும் நாவும் நேரடியாக வேலைசெய்தாக வேண்டும். மெல்லிய குரலில், அழுகையின் நடுவில், பேச்சுவழக்கில் வரும் சொற்களைப் பிழையின்றிக் கேட்கவேண்டும். பதிலாகச் சொல்லும் ஆறுதலும் பிழையின்றிப் போய்ச் சேரவேண்டும். உச்சரிப்பு என்பது அழகுக்காகச் சேர்க்கும் ஒன்றன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கென்றே ஒரு தனிப் புத்தகத்தை அவர் 1580இல் தமிழில் அச்சிட்டார் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1554 பெப்ரவரியில் லிஸ்பனில் தமிழ்ச் செபப் புத்தகமொன்று வெளிவந்தது. இந்தியக் கிறீஸ்தவர் மூவர் அதனை ஆக்குவதில் உழைத்தனர். விசேந்தே தெ நசரே, ஜோர்ஜே கர்வாலோ, தொமே த குரூஸ் என்பன அவர்களின் ஞானஸ்நானப் பெயர்கள். தமிழ் மொழி, ஆனால் உரோமன் எழுத்து. ஒவ்வொரு சொல்லின் மேலும் போர்த்துக்கேயப் பொருள். தமிழ் படிக்க விரும்பும் ஐரோப்பியருக்கு அது பெரிய உதவிதான். ஆயினும் உரோமன் எழுத்தில் லகரம் ஒன்றே, னகரம் ஒன்றே. நமது மூன்று லகரங்களையும் அங்கே ஒரே பாயில் படுக்கவைக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் தமிழ் எழுத்தைக் கற்றால் ஒலி தானே வந்துவிடுமா? அதுவுமில்லை. அக்கால ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படவில்லை. எடு என்பதும் ஏடு என்பதும் கண்ணுக்கு ஒன்று. கொடுவும் கோடும் ஒன்று. தமிழரே சொல்லை முன்னமே அறிந்திருப்பதால் வாசித்தனர். போதாக்குறைக்கு ககரம் ஒன்றே தங்கத்தில் ஒருவிதமாகவும் பக்கத்தில் ஒருவிதமாகவும் தகப்பனில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கும். நாம் அதை உணர்வதேயில்லை. எழுத்தைப் பார்த்து ஒலியை அறியலாம் என்று நம்பி வரும் அந்நியன் முதற் பக்கத்திலேயே திகைத்துப்போவான். காதால் கேட்டபின்னரே கண்ணால் வாசிக்கக்கூடிய மொழியாக அன்று தமிழ் இருந்தது. இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் நம் பேரப்பிள்ளைகள் பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் குறையில்லாமல் எழுதிக்காட்டிவிட்டு, அம்மம்மாவோடு தொலைபேசியில் பேசத் தயங்குகிறார்கள் என்றால் அதற்கும் இதுவே காரணமாகலாம். கொப்பியில் எழுத்து நிறைந்திருக்கிறது, காதில் ஒலி நிறையவில்லை.

அடிகளாரின் மற்றைய வாழ்க்கையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1549இல் இயேசு சபைத் தலைவர் அந்தோனியோ கிரிமினாலி வேதாளையிலே கொல்லப்பட்டபோது, கரையிலிருந்த குருக்கள் இவரையே தலைவராகத் தெரிந்துகொண்டனர். ஏறத்தாழ கால்நூற்றாண்டு அப்பொறுப்பை வகித்தார். புன்னைக்காயலில் நோயாளருக்கு வைத்தியசாலை உண்டாயிற்று. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டியதும், பரதவ குலக் கிறீஸ்தவர்களிற் பலர் எதிர்க்கரையிலிருந்து மன்னாருக்குக் குடிபெயர்த்தப்பட்டனர். மேய்ப்பரும் மந்தையோடு கடல் கடந்தார். 1561இல் மன்னாரிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் உள. சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்றதற்காக 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் மன்னார்க் கிறீஸ்தவர்கள் வெட்டுண்ட நிலம் அது. அந்த நிலத்திலும் அவருடைய தமிழ் ஒலித்திருக்கிறது என்பது நமக்கு நெருக்கமான செய்தி.

தலைமைப் பாரம் இறங்கியபின் முதுமையில் எழுத்துப் பணிக்கே நேரம் கிடைத்தது. கோவாவில் 1577இல் ஜோவாவோ கொன்சால்வஸ் என்னும் சகோதரர் தமிழ் அச்செழுத்துக்களை வார்த்தார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் ஜோவாவோ தெ பாரியா அடிகளார் மேலும் வார்த்தார். 1578 ஒக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழியொன்றின் எழுத்திலேயே இந்திய மண்ணில் அச்சான முதற் புத்தகமாகக் கிடைத்திருப்பது இதுதான். செலவுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். 1579 நவம்பர் 14இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும், 1586இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அடியார் வரலாறும் வந்தன. வாசிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருந்து வாசிக்க மற்றவர்கள் கேட்கக்கூடிய தமிழ் அவற்றில் உண்டு. சொல்லிச் சொல்லிப் பார்த்து எழுதியவரின் வாக்கியங்கள் அவை.

1600 பெப்ரவரியில், எண்பது வயதளவில், புன்னைக்காயலில் அவர் இறைபதம் எய்தினார். உடல் தூத்துக்குடியில் அடக்கஞ் செய்யப்பட்டது. ஐம்பத்துமூன்று ஆண்டுகள் அக்கரையிலேயே வாழ்ந்தார். பிறந்த நாட்டைத் திரும்பக் காணவேயில்லை.

அவருக்குப்பின் வந்த போர்த்துக்கேயக் குருக்கள் அவர் இட்ட அத்திவாரத்தின்மேல் இலக்கணங்களும் அகராதிகளும் எழுதினர். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியபோது இங்கு வந்த பல்தேயு பாதிரியாரும், தாம் 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட பெரிய நூலில் தமிழ் எழுத்துக்களுக்கும் மொழிக்கும் ஓர் அறிமுகம் சேர்த்தார். வேதத்தில் நம்மோடு மாறுபட்ட அவரும் கத்தோலிக்கக் குருக்கள் எழுதிவைத்த தமிழ்க் குறிப்புகளைப் பயன்படுத்தத் தயங்கவில்லை. 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையாரும் அதே நாவுப்பயிற்சியைத் தொடங்க வேண்டியவர்களானார்கள். நம் அப்பப்பா, அம்மப்பா காலத்தில் பூசைக்கு உதவிய சிறுவர்கள் இலத்தீன் மறுமொழிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடஞ் செய்ததை நினைத்துக்கொண்டால், இருபக்கத்துக் கணக்கும் சரியாகிவிடுகிறது.

அண்டிறிக்கிப் பாதிரியாரின் இலக்கணமோ அச்சேறாமல் லிஸ்பன் தேசிய நூலகத்தில் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்தது. 1954இல் தமிழ் ஏடுகளைத் தேடி ஐரோப்பிய நூலகங்களுக்குச் சென்ற நமது கரம்பொன் தனிநாயகம் அடிகள் லிஸ்பனில் அதையும், 1554ஆம் ஆண்டுச் செபப் புத்தகத்தையும் கண்டு தமிழுலகுக்கு அறிவித்தார். போர்த்துக்கேயருக்குத் தமிழ் ஒலி கற்பிக்க எழுதிய புத்தகத்தை நானூறு ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத் தீவகத்துக் குருவானவர் ஒருவர் புரட்டிப் பார்த்தார். 1982இல் ஹான்ஸ் வெர்மீர் என்னும் ஜெர்மானிய அறிஞர் மூலத்தைப் பதிப்பித்தார். 2013இல் ஜீன் ஹைன் அம்மையாரும் வி. எஸ். ராஜம் அம்மையாரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஹாவர்ட் பல்கலைக்கழக வரிசையில் வெளிவந்தது. தம்பிரான் வணக்கத்தின் பிரதியும் அதே பல்கலைக்கழகத்தில்தான் பாதுகாக்கப்படுகிறது. அடிகளார் தொகுத்த தமிழ் அகராதி மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.